எட்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: பிள்ளைகள் ஏன் வெயிலில் நிற்கிறார்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மதிய இடைவேளையில் பிள்ளைகளை எதற்கு வெயிலில் நிறுத்துகிறீர்கள் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முன்பே எழுதியிருக்க வேண்டும்.

அறிவியல் கண்காட்சிக்காக, விண்கலத்துக்கு மின்சாரம் தரும் ஒளிக்குவிப்பானின் மாதிரி ஒன்றைச் செய்கிறார்கள். 1998 அக்டோபரில் நாசா ஏவிய டீப் ஸ்பேஸ் 1 என்ற கலம்தான் முன்மாதிரி. அதன் இறக்கைகளில் 720 லென்ஸ்கள். நாம் பார்த்துப் பழகிய உருண்டை லென்ஸ் அல்ல. மெல்லிய சிலிக்கோன் தகட்டில் வரிவரியாகப் பள்ளம் வைத்த ஃபிரெனல் லென்ஸ். மேலே விழும் வெயிலை ஒரு கோடாக ஒடுக்கிக் கீழே வரிசையாக இருக்கும், வெயிலை மின்சாரமாக மாற்றும் சூரிய செல்கள் மேல் விழவைக்கும். விலை கூடிய சாமான் செல்தான். இப்படிச் செய்தால் இறக்கை முழுவதும் செல் பதிக்க வேண்டாம். கிடைத்த மின்சாரம் சுமார் 2,500 வாட். நம் வீட்டு கீசர் ஒன்று இழுக்கும் அளவுதான். அதை வைத்தே, மின்னேற்றிய வாயுவைப் பின்னால் பீய்ச்சிக் கலத்தைத் தள்ளும் அயனி எஞ்சினை ஓட்டி, 2001 செப்டம்பரில் போரெல்லி வால்நட்சத்திரத்தை நெருங்கிப் படம் எடுத்தது அந்தக் கலம்.

நம் பிள்ளைகளிடம் ஃபிரெனல் லென்ஸ் இல்லை. உருளையான கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டார்கள். சூரிய செல்லின் மேல் கறுப்புத் தாள் ஒட்டி, நடுவில் விரல் அகலம் மட்டும் திறந்துவிட்டார்கள். வெறும் வெயிலில், செல்லோடு இணைத்த குட்டி ஃபேன் அசையவில்லை. பாட்டிலைப் பிடித்ததும் வெள்ளைக் கோடு ஒன்று அந்த இடுக்கில் விழுந்தது, ஃபேன் சுற்றியது. ஒரு மாணவியின் கை கொஞ்சம் ஆடியது. "சார், நின்னுடுச்சு!" ஒளிக்குவிப்பான் சூரியனை விட்டுத் திரும்பக் கூடாது என்பதை நான் போர்டில் எழுதிக் காட்டியபோது புரியாதவர்களுக்குக்கூட அந்த நொடியில் புரிந்தது. எனக்கு அன்று முழுக்க மகிழ்ச்சி.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். திங்கட்கிழமையிலிருந்து காலை வழிபாடு முடிந்ததும் கால் மணி நேரம் மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறேன். தொப்பியும் குடிதண்ணீரும் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் லென்ஸை வெயிலில் பிடிக்க விடாதீர்கள், காகிதம் பற்றிக்கொள்ளும். லென்ஸ் வழியாகவோ வெறுங்கண்ணாலோ சூரியனைப் பார்க்கவே கூடாது. இதை நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள்.

கண்காட்சி வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு. வெயில் இருக்கும்போதே வந்துவிடுங்கள், ஃபேன் சுற்றுவதைப் பார்க்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்