செல்லுக்கு வெளியே நடப்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் செல்கள் மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் தப்பிப் பிழைப்பது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். மரபணு மாற்றங்களைத் தெளிவாக விளக்கிய அக்கட்டுரை, செல்லிலிருந்து சுரந்து வெளியே வேலை செய்யும் நொதிகளை மட்டும் ஒரே வரியில் கடந்து, ‘அவற்றைத் தடுத்தால் போதும்’ என்று முடித்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

ஆட்டோடாக்சின் என்ற நொதியையே எடுத்துக்கொள்ளலாம். மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்கள் வளர்ந்த திரவத்திலிருந்து, செல்களை இடம்பெயரத் தூண்டும் பொருளாக 1992இல் இது பிரித்தெடுக்கப்பட்டது. இரத்தத்தில் தாராளமாக உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறிலிருந்து கோலின் என்ற பகுதியை வெட்டி நீக்கி, அதை லைசோபாஸ்ஃபாடிடிக் அமிலமாக, அதாவது எல்பிஏவாக, இது மாற்றுகிறது. அந்த எல்பிஏ செல்லின் மேற்பரப்பில் சைகைகளைப் பெறும் புரதங்களான ஏற்பிகளோடு சேர்ந்ததும், செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வதைத் தள்ளிப்போடும் சைகைகள் அதற்குள் எழுகின்றன. செல் வளர்ப்பில் இதை நுண்ணோக்கி வழியே கண்ணாலேயே காணலாம்: இரத்தத்திலிருந்து பெறும் சீரம் என்ற ஊட்டத்தை நீக்கிய வளர்ப்புத் திரவத்தில் செல்கள் சாகும் தறுவாயில் உருண்டு, தட்டின் அடியை விட்டு மிதக்கத் தொடங்குகையில், எல்பிஏ சேர்த்த தட்டில் அவற்றுள் பல இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மார்பகப் புற்றுநோயில் இந்நொதியைப் பெருமளவு சுரப்பது கட்டியைவிட அதைச் சூழ்ந்த கொழுப்புத் திசுவே என்பதைக் கட்டுரை குறிப்பிட்டிருக்க வேண்டும். கட்டி தூண்டிவிடும் அழற்சியாலும், சிகிச்சைக்காகத் தரும் கதிர்வீச்சாலும் அச்சுரப்பு கூடுகிறது. புண்ணை ஆற்ற உடல் வைத்திருக்கும் ஏற்பாடே நெருக்கடியில் உள்ள புற்றுநோய் செல்லுக்கும் துணையாகிவிடுகிறது என்பதால்தான் இதைத் தடுப்பது அத்தனை எளிதல்ல. எலிகளில் இந்நொதியை முற்றிலும் நீக்கினால் இரத்தநாளங்கள் சரிவர உருவாகாமல் கருவே இறந்துவிடுகிறது.

முன்னரும் நாம் அவசரப்பட்டிருக்கிறோம். திசுக்களுக்கிடையிலான புரதங்களை வெட்டும் மெட்டல்லோபுரோட்டியேஸ் நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் 1990களில் பெரும் நம்பிக்கையுடன் சோதிக்கப்பட்டன. பெரும்பாலான ஆய்வுகளில் அவை நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை, கடும் மூட்டுவலியைத்தான் தந்தன. அக்குடும்பத்தின் சில நொதிகள் கட்டியை அடக்குபவை என்பது பிறகே தெரியவந்தது.

தங்கள் இதழைச் சிகிச்சையில் இருப்பவர்களும் படிக்கிறார்கள். ஆகவே அந்த ஒற்றை வரியைத் திருத்தி, எந்த நொதியை, நோயின் எந்தக் கட்டத்தில், எந்தச் சிகிச்சையோடு சேர்த்துத் தடுக்க முயல்கிறார்கள் என்பதை விரிவாக வெளியிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்