பத்துப் படங்கள் இருக்கும் அறை

ஆரணி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பேசும்போது உன் குரல் கம்மியிருந்தது, எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆபீஸ் விருந்தில் எல்லோரும் மியூசியம், கிரேக்கக் கதை என்று பேசிக்கொண்டிருக்க, நீ மட்டும் தட்டைப் பார்த்தபடி இருந்ததாகச் சொன்னாய். இனி வாரம் ஒரு மியூசியம், மாதம் ஒருமுறை பஸ் ஏறி நியூயார்க், கிரேக்கத் தெய்வங்களின் வம்சாவளி முழுக்க மனப்பாடம் என்றாய். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாய், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாயே, "நான் ஒரு பட்டிக்காடுப்பா" என்று, அது என்னைத் தூங்கவிடவில்லை.

போன வருஷம் நான் அங்கே வந்திருந்தபோது, ஒரு நாள் உனக்கு மீட்டிங் இருந்ததால் என்னை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் விட்டுவிட்டுப் போனாய். திரும்பி வந்து தேடினபோது நான் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தேன். "இவ்வளவு பெரிய இடத்துல இந்த ஒரு ரூமைத்தான் பார்த்தீங்களா?" என்று கேட்டாய். அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

அது சை டுவாம்பிளி என்ற ஓவியர் வரைந்த பத்துப் படங்களுக்கான அறை. 1977, 78-இல் இத்தாலியில் இருந்துகொண்டு வரைந்தவை. 'இலியத்தில் ஐம்பது நாட்கள்' என்று பெயர். ட்ராய் நகரத்துக்கு இலியம் என்றும் ஒரு பெயர் உண்டு. கிரேக்கர்கள் அந்த நகரத்தோடு நடத்திய போர் பத்து வருஷம் நடந்தாலும், கிரேக்கக் கவி ஹோமரின் 'இலியத்' காவியம் எடுத்துக்கொள்வது பத்தாவது வருஷத்தில் ஏறக்குறைய ஐம்பது நாட்களைத்தான்.

அறைக்கு முன்னால் ஒரு படம் தனியாக இருக்கும். வட்டமாகச் சுழற்றிச் சுழற்றிக் கிறுக்கியது. 'அக்கிலீஸின் கேடயம்.' அக்கிலீஸ் கிரேக்கர் பக்கத்துப் பெரிய வீரன். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தைந்து வருஷம் போர்டு எழுதினவன் நான். நூல் அடித்து, சாக்பீஸில் அவுட்லைன் போட்டு, எழுத்துக்கு எழுத்து இடைவெளி பார்த்து, எனாமல் வழியாமல் பிரஷ்ஷை இழுத்தவன். உள்ளே போனால், கிட்டத்தட்ட பத்தடி உயரத் துணியில் பெயர்களைக் கோணல்மாணலாக எழுதி வைத்திருக்கிறார். பென்சில், கிரேயான், மேலே பெயிண்ட். ஒரு எழுத்து பெரிது, அடுத்தது சின்னது. சில இடத்தில் எழுதினதன் மேலேயே வெள்ளையைப் பூசி இழுத்துவிட்டிருக்கிறார். என் கடையில் வேலை பழகின பையன் இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே துடைத்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லியிருப்பேன்.

கால் வலித்ததால்தான் உட்கார்ந்தேன் பாப்பா. உட்கார்ந்த பிறகுதான் கண்ணுக்குப் பிடிபட்டது. ஒரு பக்கச் சுவரில் கிரேக்கர்கள், எதிர்ச்சுவரில் ட்ராய்க்காரர்கள். நடுவில் உட்கார்ந்திருக்கிற நாம் போர்க்களத்தில் இருக்கிறோம். 'அக்கிலீஸின் பழிவாங்கல்' என்ற படம் 'A' என்கிற ஆங்கில எழுத்து மாதிரியே நிற்கும், உச்சியில் ஒரே ரத்தச் சிவப்பு, ஈட்டி முனை போல. ஒரு எழுத்தையே ஆயுதமாக்க முடியும் என்று அத்தனை வருஷம் எழுத்தோடு கிடந்த எனக்குத் தோன்றியதே இல்லை. இன்னொரு படத்தில் மூன்று மேகங்கள்: அக்கிலீஸ், அவன் உயிர்த்தோழன் பட்ரோக்ளஸ், ட்ராயின் இளவரசன் ஹெக்டர். மூவரும் செத்துப்போனவர்கள், நிழலாக மிதக்கிறார்கள். ஒருவன் மற்றவனைக் கொன்றவன் என்றாலும் மூவரும் பக்கத்துப் பக்கத்தில்.

ஊருக்கு வந்ததும் நூலகத்தில் இலியத் கதையைத் தமிழில் தேடிப் படித்தேன். ட்ராயை வீழ்த்தின மரக்குதிரை வரும் வரும் என்று கடைசிப் பக்கம் வரை எதிர்பார்த்தேன், வரவே இல்லை. அதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது. எப்படி முடிகிறது தெரியுமா?

ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸ், ஆத்திரம் தீராமல் பிணத்தைத் தேரில் கட்டி இழுக்கிறான். ஹெக்டரின் அப்பா பிரையம், கிழவர், ஐம்பது பிள்ளைகளைப் பெற்றவர், ராத்திரியில் எதிரியின் கூடாரத்துக்குப் போகிறார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தன் பிள்ளைகளைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிடுகிறார். உன் அப்பாவை நினைத்துப் பார், அவரும் என் வயதுக்காரர்தானே என்கிறார். தூர தேசத்தில் தனியாக இருக்கும் தன் அப்பா பீலியஸ் நினைவு அக்கிலீஸுக்கு வருகிறது. இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். ஒருவர் மகனுக்காக, ஒருவன் அப்பாவுக்காகவும் தோழனுக்காகவும். பிறகு ஆடு அறுத்து, இருவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். காரியத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்று அக்கிலீஸே கேட்டு, அதுவரை போரை நிறுத்தி வைக்கிறான். கடைசியில் ட்ராயின் பெண்கள் ஹெக்டரின் உடலைச் சுற்றி ஒப்பாரி வைக்கிறார்கள். சுடுகிறார்கள், எலும்பைப் பொறுக்கி எடுத்து வைக்கிறார்கள். அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது நம் திரௌபதி அம்மன் கோயில் படுகளம்தான் கண் முன்னால் வந்தது. மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் நீளத்துக்குப் படுத்திருப்பான். நீ சின்னப் பிள்ளையாக என் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். அவன் விழுந்த பிறகு காந்தாரி வேஷக்காரர் வந்து அழும்போது, விடிய விடியப் பாண்டவர் பக்கம் இருந்த ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இதைப் பார்த்து வளர்ந்த உனக்கு ஹெக்டரின் ஒப்பாரியை எவரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தர வேண்டாம். நீ பட்டிக்காடு என்றால், அந்தப் பட்டிக்காடுதான் உனக்கு இந்தக் கதைக்குள் போக வழி.

வம்சாவளியை மனப்பாடம் செய்யாதே மா. எந்த தெய்வம் எந்த தெய்வத்துக்குப் பிள்ளை என்பது கதை படிக்கப் படிக்கத் தானாக ஒட்டும். டுவாம்பிளியே அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர், இந்தப் படங்களுக்கு அலெக்சாண்டர் போப் என்ற ஆங்கிலக் கவிஞரின் இலியத் மொழிபெயர்ப்பைத்தான் பிடித்துக்கொண்டார். ராணுவத்தில் இருந்த காலத்தில் இரவில் இருட்டில் வரைந்து பழகினாராம், கைக்குப் பழகிப்போன ஒழுங்கை உதறுவதற்காக. என் கை இன்னமும் கேட்கிறது, அது எப்படி உதற முடியும் என்று. நீ நியூயார்க்கில் பார்க்கப் போவதாகச் சொன்ன ஓவியர் மார்க் ராத்கோ, வெறும் நிறப்பட்டைகளுக்கு வருவதற்கு முன் 1940-களில் கிரேக்க நாடகக் கதைகளைத்தான் வரைந்துகொண்டிருந்தார். பத்து வயதில், 1913-இல், இன்றைய லாட்வியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த யூதப் பையன். அவர் பாட்டி சொன்ன கதைகளும் இல்லை அவை. வந்த ஊரில் படித்துத் தனதாக்கிக்கொண்டவர்.

அதனால் வாரம் ஒரு மியூசியம் வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்த ஒரே அறைக்கு நாலு வாரம் போ. முதல் நாள் போட்டோ எடுக்காதே. கேடயத்திலிருந்து ஆரம்பி. ஹோமர் அந்தக் கேடயத்தில் என்னவெல்லாம் இருப்பதாகச் சொல்கிறார் என்று முந்தின நாள் படித்துவிட்டுப் போ: இரண்டு ஊர்கள், ஒன்றில் கல்யாண ஊர்வலம், இன்னொன்றைச் சுற்றிப் படை, உழுகிற நிலம், திராட்சைத் தோட்டம், கைகோத்து ஆடும் பிள்ளைகள். இத்தனையும் சுழன்றால் எப்படி இருக்கும் என்று அந்தக் கிறுக்கலைப் பார். விருந்தில் பேசுவதற்கு அது உதவுமா என்று எனக்குத் தெரியாது. பேசத் தோன்றினால் பேசு, இல்லாவிட்டால் மற்றவர்கள் பேசுவதைத் தலை நிமிர்ந்து கேள்.

நான் இங்கே ஒரு பழைய தகரத்தில், மிச்சமிருந்த எனாமலில், ஹெக்டர் என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று முறை துடைத்து எழுதினேன். நான்காவது முறை துடைத்த கறை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.

வைகாசியில் படுகளம். லீவு கிடைத்தால் வா. அக்கிலீஸ் திரும்பி வரவேயில்லை பாப்பா, பீலியஸ் அங்கே காத்துக்கொண்டுதான் இருந்தார்.

அன்புடன்,
அப்பா