மஞ்சள் சட்டைக்குப் பின்னால் ஏழு பேர்

ஆசிரியருக்கு,

'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயம் குறித்த தங்கள் விளையாட்டுப் பக்கச் செய்திகளில் அன்றன்றைய வெற்றியாளரின் பெயர் மட்டுமே இடம்பெறுகிறது. ஆனால், நாளுக்கு ஒன்றாக நடக்கும் 21 கட்டங்களின் மொத்த நேரமே பட்டத்தைத் தீர்மானிக்கிறது; அதில் முன்னிலை வகிப்பவருக்கே மஞ்சள் சட்டை. 2017-இல் கிறிஸ் ஃபுரூம் ஒரு கட்டத்தைக்கூட வெல்லாமல்தான் பட்டம் வென்றார். அணிக்கு எட்டுப் பேர். தலைவருக்காக எதிர்க்காற்றை நெஞ்சில் வாங்கி முன்னே மிதிப்பவர்கள் மற்ற ஏழு பேர்.

மலையேற்றத்துக்கு முன் ஒருவர் அணியின் கார் வரை பின்வாங்கி, சட்டைக்குள் முதுகு புடைக்கத் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, மீண்டும் கூட்டத்தை எட்டிப் பிடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். எல்லாருக்கும் கொடுத்து முடித்ததும் அவர் பின்தங்கிவிட்டார். எவ்வளவு பெரிய உழைப்பு! முடிவுப் பட்டியலுக்குக் கீழே இத்தகைய துணை வீரர்களைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.