உங்களுக்கு எல்லா மாதமும் நவம்பர்தான், மாஸ்டர்

மாஸ்டர்,

வெளிநாட்டில் நவம்பர் வந்தால் மாதம் முழுக்க சேணத்தில் கால் வைக்கும் வளையமான ஸ்டிரப் இல்லாமல் குதிரை ஓட்டுவதை ஒரு விரதம் மாதிரி ஆக்கிவிட்டார்கள், போனைத் திறந்தால் அந்தப் படங்கள்தான். நாளையிலிருந்து குதிரையேற்றம் பழகும் சின்னப் பிள்ளைகள் பேட்ச் ஒன்றை நான் எடுக்கிறேன். பேத்தி இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள், நம் ஆட்களும் படிப்பார்கள், ஆகவே பண விஷயத்தை இங்கே பேசப்போவதில்லை.

சொல்லாமல் கிளம்பியதற்கு மன்னியுங்கள். சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா?

மழை விட்ட அந்தக் காலை. ஸ்டிரப் இரண்டையும் சேணத்துக்கு முன்னால் குறுக்கே மாற்றிப் போட்டுவிட்டு, கடிவாளத்தையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டீர்கள். குதிரை சுல்தான், நீங்கள் நடுவில் நின்று பிடித்து வட்டமாகச் சுற்றவைக்கும் நீளமான லஞ்ச் கயிற்றில், டிராட் என்ற குலுங்கல் ஓட்டம் எடுத்ததும் நான் பயத்தில் முட்டியை இறுக்க இறுக்க, ஈரச் சோப்பை அழுத்தினால் நழுவுமே, அப்படி உடம்பு மேலே மேலே எழும்பியது. "முட்டியை விடு!" என்று கத்தினீர்கள். விட்டால் விழுவேனே! கடைசியில் கால் ஓய்ந்து தானாகவே விட்டுவிட்டது. அப்போதுதான் அவன் முதுகு ஒவ்வொரு பக்கமாக ஏறி இறங்குவது என் இடுப்பில் தனித்தனியாகத் தெரிந்தது. அவன் கழுத்தைத் தாழ்த்தி நீளமாக ஒரு புர்ர் விட்டான். நீங்கள் பக்கத்தில் வந்து தட்டிக்கொடுத்தீர்கள். அவனை.

வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலிலும் புதிதாகச் சேர்பவர்கள் ஸ்டிரப்பும் கடிவாளமும் இல்லாமல் லஞ்ச் கயிற்றில்தான் தொடங்குகிறார்களாம். நம்ம மாஸ்டர் முறை என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். ஆனால் ஸ்டிரப் இல்லாமல் ஒரு மணி நேரம் எதற்கு மாஸ்டர்? தொடை ஓய்ந்த பிறகு தொம் தொம்மென்று முதுகில்தான் விழுவோம், வலியில் குதிரை முதுகைக் குழித்துத் தலையைத் தூக்கும். பார்த்துக்கொண்டுதானே நின்றீர்கள்? ஸ்டிரப் தொங்கும் வாரின் பக்கிளைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு வாரைக் குறுக்கே மடித்தால் தொடையில் உறுத்தாது என்பதைக்கூட வேறொருவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். அழுத பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினீர்கள், ஒருத்தியும் திரும்பி வரவில்லை.

இன்றைக்கும் குதிரை மிரண்டு கால் ஸ்டிரப்பிலிருந்து நழுவினால் நான் பதறுவதில்லை. அது நீங்கள் போட்ட பிச்சை, மறுக்கவில்லை.

என் பிள்ளைகளுக்கு முதலில் குதிரை நடை மட்டும், அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் டிராட்டில் இரண்டு சுற்று. முட்டி இறுகத் தொடங்கியதும் நிறுத்தி ஸ்டிரப்பைத் திரும்பக் கொடுத்துவிடுவேன். செல்லம் கொடுக்கிறாள் என்பீர்கள். சரி, ஒரு நாள் நேரில் வந்து சொல்லுங்கள், நாற்காலி போட்டு வைக்கிறேன். லஞ்ச் கயிறு மட்டும் என் கையில்தான் இருக்கும்.