நல்ல நாம்பனை விற்றுவிட்டு ஊசியைத் தேடுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் மாடு வளர்ப்பைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் ஜேர்சி, சாகிவால் இனம் என்று செயற்கையாகச் சினைப்படுத்தும் சினை ஊசியில்தான் போய் நிற்கிறார்கள். வளவுக்குள் இரண்டு பசு கட்டி வளர்ப்பவருக்கு அது சரி. ஒட்டுசுட்டான் பக்கம் பட்டி வைத்திருக்கும் எங்களுக்குச் சரிவராது. நாட்டுப் பசு பருவத்துக்கு வந்தால் அரை நாள் நிற்பதே அரிது. அதிலும் பாதி இரவில் கழிந்துவிடும். காட்டோரம் மேயும் மாட்டில் அதைக் கண்டு, ஊசி போடுபவருக்குச் சொல்லி, அவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேருமுன் எல்லாம் அடங்கிவிடும். அப்புறம் இன்னும் 21 நாள்.

ஆகவே பட்டி நாம்பனை, அதாவது பொலிகாளையை, நம்பித்தான் இருக்கிறது. அந்த நாம்பனை நாங்கள் தெரிவு செய்கிறோமா? நெஞ்சு அகன்று, முதுகு நீண்டு, கூடப் பிறந்த கன்றுகளைவிட ஒரு பிடி உயரமாக ஒன்று வளர்ந்தால் இரண்டு வயதிலேயே வியாபாரி படலையில் நிற்பார். விதைப்புச் செலவுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ அது போய்விடும். விலைபோகாத நோஞ்சான் நாம்பன் பட்டியில் மிஞ்சும். தாய், தங்கை, மகள் எல்லோருக்கும் அவரே மாப்பிள்ளை! பிறகு கன்று சிறுத்துப்போச்சு, எடை ஏறவில்லை என்று புலம்புகிறோம்.

25 பசுவுக்கு ஒரு நல்ல நாம்பன் போதும். நாட்டு நாகு, அதாவது இன்னும் கன்று போடாத இளம் பசு, மூன்று வயதளவில் பருவத்துக்கு வரும். அதற்கு முன் தகப்பனைப் பட்டியிலிருந்து மாற்றிவிட வேண்டும். விற்கத் தேவையில்லை. நானும் முத்தையன்கட்டிலுள்ள மைத்துனரும் எங்களுக்குள் மாற்றிக்கொள்கிறோம். ஆனால் கன்று வீசும் (சினை கலையும்) நோயான புருசெல்லோசிஸ் மாட்டோடு சேர்ந்து பட்டி மாறும். இரத்தம் சோதிக்காமல் மாற்றுவது ஆபத்து.

நாம்பன் மட்டும் போதாதுதான். அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் தாள் மேய்ந்து உடம்பு தேறும்போதே பசு சினைப்படுகிறது. ஒன்பதரை மாதக் கணக்கில் கன்று விழுவது மார்கழி மழையில். மாரிமழை நெல்லான காலபோகப் பயிருக்காகப் பட்டி காட்டுக்கரைக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் நேரம் அது. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. என் பட்டியில் குளிரில் சுருண்டு விழுந்தவை எல்லாம் விலா எலும்பு எண்ணக்கூடியவை. தேறியிருந்தவை எழும்பி நின்றன.

இதெல்லாம் தெரிந்தும் வயலில் வைக்கலுக்கு நெருப்பு வைக்கிறோம். 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, 100 கிலோ வைக்கலில் தெளித்து, காற்றுப் புகாமல் தறப்பாளால் மூடி இரண்டு மூன்று கிழமை வைத்தால் ஆவணி, புரட்டாதித் தீனிப் பஞ்சத்துக்கு உதவும். மணம் போக ஆறவிட்டுப் போடவேண்டும். சின்னக் கன்றுகளுக்கு வேண்டாம். மேய்ச்சல்தரைப் பிரச்சினையைத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது, அது இன்னொரு நாளைக்கு.

கால்நடை வைத்திய அலுவலகங்கள் பட்டிகளுக்கு வந்து நல்ல நாம்பன்களைப் பதிந்து, இரத்தம் எடுத்து, எது எந்தப் பட்டிக்குப் போகலாம் என்று சொல்லட்டும். வியாபாரிகள் வருமுன் வந்தால் நல்லது. பிடித்துக் கட்டித்தர நாங்கள் ஆயத்தம்.

பட்டிக்காரன்,
ஒட்டுசுட்டான்.