வெளியேறுவோம் என்று சொல்லும் முன் எங்களைக் கேளுங்கள்

வணிக ஒப்பந்தங்களைப் பேசி முடிக்கும் அதிகாரிகளுக்கு, பேரணாம்பட்டில் கம்பெனி ஆர்டருக்கு ஷூ தைத்து பேக்கிங் செய்து கொடுக்கும் சிறு யூனிட்காரன் எழுதுவது. வணக்கம்.

போன வாரக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் உங்களில் ஒருவர், தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு நாம் போட்ட வணிக ஒப்பந்தத்தைப் பற்றி, "ஆசியான் ஒப்பந்தம் ஒத்துவரவில்லை என்றால் வெளியே வந்துவிடுவோம், பிரிட்டன் வரவில்லையா?" என்றார். பதில் சொல்ல எழுந்தவர்களிடம் நேரமில்லை என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியே வந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. என்ன வேண்டும் என்று தங்களுக்குள்ளேயே முடிவாகாமல் 2017 மார்ச் 29 அன்று விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்றே இரண்டு வருடக் கெடு ஓட ஆரம்பித்து, பிடி எதிர்த்தரப்பின் கைக்குப் போய்விட்டது. ஒன்றியத்துக்குத் தர வேண்டிய பாக்கிப் பணம், குடிமக்கள் உரிமை, அயர்லாந்து எல்லை மூன்றிலும் முன்னேற்றம் தெரிந்த பிறகே வணிகம் பேசுவோம் என்று ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் சொன்னதை லண்டன் ஏற்க வேண்டியதாயிற்று. கெடுவை மூன்று முறை தள்ளி, 2020 ஜனவரி 31-இல் வெளியேறினார்கள். வணிக ஒப்பந்தம் முடிவானது அந்த டிசம்பர் 24-இல். அமலுக்கு வர ஒரே வாரம்.

அந்த ஒரு வாரத்தின் அடி இங்கேயும் விழுந்தது. எங்கள் சரக்கு ராட்டர்டாமில் ஒரு தடவை சுங்கம் கட்டி, அங்கிருந்தே இங்கிலாந்துக் கடைகளுக்கும் போகும். புது வருடத்திலிருந்து, இந்தியாவில் செய்த ஷூ என்பதால் இங்கிலாந்துக்குள் நுழைய மறுபடியும் கட்ட வேண்டும் என்றாகிவிட்டது. அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்தோம். பேக்கிங் பெண்கள் பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, புது இறக்குமதியாளர் முகவரியை ஒட்டினார்கள். அந்த வேலைக்குப் பீஸ் ரேட், அதாவது எண்ணிக்கைக்கு இவ்வளவு என்ற கூலி, கிடையாது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. அப்புறம் இங்கிலாந்து ஆர்டர் தனியாகப் பிரிந்து, ஒரு கன்டெய்னருக்குக்கூடத் தேறாமல் சிறுத்துப்போனது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வெளியேறுவோம் என்று பேச்சு மேசையில் சொல்வதற்கு முன், மறுநாள் எங்கள் சரக்கு எந்த வழியாக, எவ்வளவு வரியில், என்னென்ன பேப்பரோடு போகும் என்று எங்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு உங்கள் கையில் இல்லையென்றால் எதிரில் இருப்பவருக்கு அது தெரிந்துவிடும், மிரட்டல் செல்லாது. 2019-இல் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் வணிக ஒப்பந்தப் பேச்சிலிருந்து இந்தியா விலகியதை உதாரணம் காட்டாதீர்கள். அது சேருவதற்கு முன்பே விலகியது. பத்து வருடத்துக்கு மேலாக ஒரு ஒப்பந்தத்தை நம்பித் தொழில் செய்தவர்களை வெளியே இழுப்பது வேறு.

கூட்ட அழைப்புகூட முந்தைய நாள் சாயங்காலம், ஆங்கிலத்தில் வருகிறது.

தயவுசெய்து அடுத்த கூட்டத்தை ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ வையுங்கள். ஒரு வாரம் முன்னதாகத் தமிழில் தகவல் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் பேக்கிங் பெண்களும் வருவார்கள். முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
பேரணாம்பட்டு சிறு யூனிட்காரன்