எஞ்சினுக்கு முன்னால் கியர்பாக்ஸ்

அன்புள்ள கண்ணு,

கார் ஃபோக்ஸ்வேகன் விர்டஸ்தான் என்று முடிவாகிவிட்டது, எஞ்சினில்தான் இழுபறி என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளை 1.5 லிட்டர் கேட்கிறார், உனக்கு 1.0 லிட்டர் போதும். இரண்டு பேரும் சிசியையே, அதாவது எஞ்சின் அளவையே பார்க்கிறீர்கள். ஆட்டோமேட்டிக் எடுப்பதானால் முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ்.

1.0-இல் வருவது எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், 1.5-இல் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்; இதில் இருப்பது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் அடி அடியாக நகரும்போது டார்க் கன்வெர்ட்டருக்குள் வழுக்கலை எண்ணெய் தாங்கிக்கொள்ளும். டிஎஸ்ஜியில் அதைத் தாங்குவது கிளட்ச் தகடு. பாதி பிடித்தபடியே ஊர்ந்தால் சூடேறும், தேயும், பிறகு கிளம்பும்போது வண்டி உதறும். டிஎஸ்ஜியை எடுத்தால் முன்வண்டியை ஒட்டி ஊராதே. ஒரு வண்டி நீளம் இடைவெளி விழுந்ததும் பிரேக்கை முழுசாக விட்டு நகர். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதே, பிரேக்கை மிதி.

சின்ன எஞ்சின் என்றால் மைலேஜ் கூடும் என்பது இங்கே பொருந்தாது. 2022-இல் வண்டி வந்தபோது வண்டிகளைச் சோதிக்கும் அராய் (ARAI) அமைப்பின் சான்று 1.0 ஆட்டோமேட்டிக்குக்கு லிட்டருக்கு 18.12 கிலோமீட்டர், 1.5 டிஎஸ்ஜிக்கு 18.67. சுமை குறைந்தால் 1.5 நாலில் இரண்டு சிலிண்டரை அணைத்துவிடும், ஆனால் அது ஹைவேயில் சீராகப் போகும்போதுதான். வரியிலும் சலுகை இல்லை: நீளம் நாலு மீட்டரைத் தாண்டுவதால் இரண்டுக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம். மிச்சம் இன்சூரன்ஸில் கொஞ்சம். 1.0 ஆயிரத்துக்குள், 999 சிசி என்பதால், 2022 ஜூனில் வந்த கட்டணப்படி மூன்று வருட தேர்ட் பார்ட்டி 6,521 ரூபாய், 1.5-க்கு 10,640.

இழுவையில் வித்தியாசம் நிஜம். 1.0-இன் 178 நியூட்டன் மீட்டர் எங்கே, 1.5-இன் 250 எங்கே! ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, ஏசி என்று சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது லாரியை முந்தப் போனால் 1.0 ஒரு நொடி யோசிக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்குக் (ஆர்பிஎம்) கீழே இருந்தால், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இன்னும் விழித்திருக்காது. முந்துவதற்கு முன்பே கியரை நாமே மாற்றும் எம் மோடில் ஒரு கியர் குறைத்துவிட்டால் சரியாகிவிடும். சேலம் பக்கம் இறங்கும்போதும் அப்படித்தான். சின்ன எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது குறைவு, மூன்றாம் கியரில் வை, பிரேக்கை மட்டும் நம்பாதே.

தினமும் ஆபீஸ், மாதம் ஒரு தடவை ஊர் என்ற உன் ஓட்டத்துக்கு நான் 1.0 ஆட்டோமேட்டிக்தான் சொல்வேன். மாப்பிள்ளை 1.5-இலேயே நின்றால், கியர்பாக்ஸுக்கும் சேர்த்து வாரண்டி நீட்டிப்பு போடச் சொல்.

டெஸ்ட் டிரைவில் தனியாக ஓட்டிவிட்டு வந்துவிடாதே. ஏசியைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி டி-யில் நிறுத்தி ஸ்டீயரிங்கில் கை வைத்துப் பார். 1.0-க்கு மூன்றே சிலிண்டர், அதன் அதிர்வு அப்போதுதான் தெரியும். பிறகு மேம்பாலச் சரிவில் நிறுத்திக் கிளப்பு. பின்சீட்டில் ஆள் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் வாங்கிவை, நானும் அம்மாவும் சனி ராத்திரியே வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா